வறண்ட நிலத்துக் குன்றை ஈரத் தாளில் வரைதல்: சீகிரியாவுக்கு ஒரு நீர்வர்ண வழிகாட்டி

நான் வரைந்து முடித்த முதலாவது சீகிரியாப் படத்தைச் சுவரோடு சாத்தி வைத்திருந்தபோது, வீட்டுக்கு வந்த அக்காவின் மகள் அதைச் சிறிது நேரம் பார்த்துவிட்டு, "மாமா, இது நுவரெலியாப் பக்கமா?" என்று கேட்டாள். அவள் சொன்னது குளிரும் மூடுபனியும் நிறைந்த மலைநாட்டு ஊரை. குன்றின் உருவத்தில் பிழை இருக்கவில்லை. அதை அளந்து வரைந்திருந்தேன். ஆனால் காட்டுக்குப் பெட்டியிலிருந்த பச்சையை அப்படியே பூசியிருந்தேன், வானத்துக்குக் கடலின் நீலத்தைக் கொடுத்திருந்தேன், விளிம்புகள் எல்லாவற்றையும் ஈரத்தில் கரைய விட்டிருந்தேன். கொழும்பின் வெள்ளவத்தையில் கடற்காற்றுப் படும் அறையில் இருந்துகொண்டு, என்னைச் சுற்றியிருந்த ஈரத்தையே அந்தக் குன்றின் மீதும் ஏற்றிவிட்டேன். உலர் வலயத்துப் பாறை ஒன்றை, நீரையே நம்பியிருக்கும் ஊடகத்தில் வரைய முற்படுபவர் முதலில் தீர்மானிக்க வேண்டியது, தாளில் எந்த இடத்தில் ஈரம் வேண்டும், எந்த இடத்தில் வேண்டாம் என்பதைத்தான். நிறத்தேர்வும் தூரிகைப் பயிற்சியும் அதற்குப் பின்னரே வருகின்றன.

பார்க்கும் இடமும் வெயிலும்

கொழும்பில் இருப்பவர்களுக்குச் சீகிரியா வீதி வழியாக ஏறத்தாழ 170 கிலோமீற்றர் தொலைவு. தம்புள்ளையில் பேருந்து மாறிப் போய்ச் சேர்ந்து, வெயிலில் ஏறி இறங்கி, அதே நாளில் திரும்புகிறவருக்கு அங்கே உட்கார்ந்து வரைய நேரம் கிடைப்பதில்லை. ஆகவே பெரும்பாலோர் புகைப்படத்தை வைத்தே வரைகிறோம். அதில் குற்றமில்லை. ஆனால் எங்கே நின்று, எந்த மாதத்தில், எந்த நேரத்தில் எடுத்த படம் என்று தெரியாமல் வரையத் தொடங்கினால், வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பதே புரியாமல் நிழலை ஊகத்தில் போட நேரிடும்.

குன்றைப் பார்க்க மூன்று இடங்கள் உண்டு. மேற்கு வாசலால் நுழைந்தால் நீர்ப் பூங்காக்களின் நேர் அச்சில், பாதையின் முடிவில், பாறையின் மேற்கு முகம் நிற்கும். பழங்காலப் பெண்ணுருவ ஓவியங்களும், மினுங்கும்படி மெருகூட்டப்பட்ட கண்ணாடிச் சுவரும் அந்த முகத்தில்தான் இருக்கின்றன. தெற்கே உள்ள குளக்கட்டிலிருந்து பார்த்தால் நீரில் விழும் நிழலோடு குன்று தெரியும். மூன்றாவது, வடக்கே ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர் தள்ளியிருக்கும் பிதுரங்கல. அதன் உச்சியில் நின்று தெற்கு நோக்கிப் பார்க்கும்போது, காட்டின் நடுவே குன்று தனித்து எழுவதும், அதற்கு அப்பால் மாத்தளைப் பக்கத்து மலைத்தொடர் மங்கலாகக் கிடப்பதும் ஒரே பார்வையில் அடங்கும். நீர்வர்ணத்துக்கு நான் பரிந்துரைப்பது இந்த மூன்றாவது இடத்தையே. மேற்கு வாசல் காட்சி அழகானதுதான். ஆனால் அது சமச்சீரானது, நேர்கோடுகள் நிறைந்தது, கட்டடக் கலைஞருக்கு உரியது.

பிதுரங்கலவிலிருந்து பார்ப்பவருக்குக் கிழக்கு இடக்கைப் பக்கம், மேற்கு வலக்கைப் பக்கம். விடியற்காலையில் பாறையின் இடப்பக்கமும், மாலையில் வலப்பக்கமும் சிவந்து ஒளிரும். இதற்கு மேலும் ஒரு நுட்பம் உண்டு. சீகிரியா ஏறத்தாழ 8 பாகை வட அகலாங்கில் இருப்பதால், ஏப்ரல் நடுப்பகுதி முதல் ஓகஸ்ட் இறுதி வரை நண்பகல் சூரியன் தலைக்கு வடக்கே நிற்கும். மற்ற மாதங்களில் தெற்கே சாய்ந்திருக்கும். ஆகையால் யூன், யூலை மாதங்களில் எடுத்த படத்தில் நம்மை நோக்கிய வடக்கு முகத்தின் மேல் வெயில் சரிந்து விழுந்து, பாறையின் மேடுபள்ளங்கள் தெளிவாகத் தெரியும். திசெம்பர் விடுமுறையில் எடுத்த படத்தில் அதே முகம் பகல் முழுவதும் நிழலில் கிடக்கும். திசெம்பர்ப் படத்தை வைத்துக்கொண்டு யூலை வெயிலை வரைய முயன்று பல தாள்களைக் கெடுத்த பிறகே எனக்கு இது உறைத்தது.

மாதத்தைக் கவனிக்க இன்னொரு காரணமும் உண்டு. உலர் வலயம் என்று நாம் சொல்வது ஆண்டு மழைவீழ்ச்சி 1,750 மில்லிமீற்றருக்குக் குறைந்த பகுதியை. அந்த மழையிலும் பெரும்பங்கு ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்துவிடும். தைப் பொங்கலுக்குப் போகிறவர் பார்ப்பது பச்சைக் காடு. ஆடியில் கச்சான் காற்று அடிக்கும்போது போகிறவர் பார்ப்பது சாம்பல் பூத்த காடு. நம் திணை மரபில் பாலைக்கென்று தனி நிலம் கிடையாது. குறிஞ்சியும் முல்லையும் வெயிலில் தம் இயல்பு திரிந்து பாலையாகின்றன என்பதே மரபு. சீகிரியாவைச் சுற்றியுள்ள நிலத்தை அதைவிடப் பொருத்தமாக விளக்க முடியாது. பச்சையின் கீழே வறட்சி எப்போதும் இருக்கிறது. படத்திலும் அதைக் கீழேதான் வைக்க வேண்டும். எவ்வாறு என்பதைப் பின்னர் சொல்கிறேன்.

நேரில் போக வாய்த்தால், புகைப்படத்தோடு நின்றுவிடாமல், அஞ்சலட்டை அளவுத் தாளில் பென்சிலால் ஐந்து நிமிடக் குறிப்பு ஒன்று எடுத்து வாருங்கள். கமரா நிழலைக் கறுப்பாக்கும், வானத்தை வெளுக்கச் செய்யும். கண்ணுக்கு அந்த நிழலுக்குள் ஊதாவும் செம்மண்ணிலிருந்து எழும் சூடான வெளிச்சமும் தெரியும். எந்த இடம் ஆகக் கடும் கருமை, எந்த இடம் ஆக வெளிச்சம், மலைத்தொடர் வானத்தைவிட எவ்வளவு கடுமையானது என்ற மூன்றையும் எழுதிக்கொண்டால் போதும்.

தாளும் நிறங்களும்

தாள் பஞ்சு நாரால் ஆனதாக, சதுர மீற்றருக்கு 300 கிராம் எடையுள்ளதாக, மேற்பரப்பு சற்றுச் சொரசொரப்பானதாக இருக்கட்டும். வழுவழுப்பான தாளில் வானம் நன்றாக வரும், பாறை வராது. பாடசாலைச் சித்திரக் கொப்பியின் மெல்லிய தாள் இதற்குச் சற்றும் பயன்படாது, ஏனெனில் இரண்டாவது பூச்சுக்கே அது நெளிந்து, நீர் குழிகளில் தேங்கிவிடும். முழுத் தாள் 56 க்கு 76 சென்ரிமீற்றர். அதை நான்காக வெட்டிய 28 க்கு 38 அளவு முதல் முயற்சிக்குப் போதுமானது. நான்கு பக்கமும் மாஸ்கிங் டேப் ஒட்டி, ஒரு பலகையில் இறுக்கிக்கொள்ளுங்கள்.

கொழும்பில் தாளை வாங்குவதைவிடக் காப்பாற்றுவதே கடினம். நீர்வர்ணத் தாளில் ஜெலற்றின் போன்ற பசை ஏற்றப்பட்டிருக்கும். அதுதான் நிறத்தை உடனே உறிஞ்சிவிடாமல் மேலே தாங்கி நிறுத்துகிறது. ஈரக்காற்றில் பல ஆண்டுகள் கிடந்தால் இந்தப் பசை இடையிடையே அழிந்துவிடும். இரும்பு அலுமாரியில் மூன்று வருடம் பத்திரப்படுத்தி வைத்திருந்த நல்ல தாள் ஒன்றை எடுத்து வானத்தைப் பூசியபோது, வெறும் கண்ணுக்குத் தெரியாதிருந்த புள்ளிகள் எல்லாம் கடும் நீலப் பொட்டுகளாக எழுந்து நின்றன. அந்த இடங்களில் தாள் மையொற்றும் தாளைப் போலக் குடித்துவிட்டது. அன்றிலிருந்து, பழைய தாள் எதையும் எடுத்தவுடன் ஓரத்தில் ஒரு விரற்கடை அகலத்துக்குத் தண்ணீர் தடவிப் பார்க்கிறேன். நீர் ஒரே சீராக மினுங்கினால் தாள் நல்லது. திட்டுத்திட்டாகக் கருமை தட்டினால் அதைப் பென்சில் வேலைக்கு ஒதுக்கிவிடலாம். வாங்கிய தாளைச் சிலிக்கா ஜெல் பைகளோடு பிளாஸ்டிக் உறையில் காற்றுப் புகாமல் கட்டி வைப்பது நல்லது.

நிறங்கள் ஆறு போதும்: ரோ சியன்னா (மண் மஞ்சள்), பேர்ண்ட் சியன்னா (செம்பழுப்பு), லைட் ரெட் (செங்கற் சிவப்பு), அல்ட்ராமரீன் நீலம் (கடும் நீலம்), செருலியன் நீலம் (வான் நீலம்), குவினக்ரிடோன் ரோஸ் (ரோசா நிறம்). கறுப்பு வேண்டாம், வெள்ளை வேண்டாம், டியூபில் வரும் பச்சை வேண்டவே வேண்டாம். இந்த ஆறில் முதல் மூன்றும் மண்நிறங்கள், அதாவது இரும்பு ஒட்சைட்டால் மஞ்சளும் சிவப்பும் பெற்றவை. 5ஆம் நூற்றாண்டில், இங்கே தலைநகர் அமைத்த மன்னன் காசியப்பன் காலத்து ஓவியர்கள் அதே பாறையின் மேற்கு முகத்தில் பெண்ணுருவங்களைத் தீட்டியபோதும் மஞ்சள், சிவப்பு, பச்சை மண்நிறங்களையே முதன்மையாகக் கொண்டார்கள். தொல்லியல் ஆணையாளர் எச். சி. பி. பெல்லின் அகழாய்வுக் காலத்தில், 1896இலும் 1897இலும் டி. ஏ. எல். பெரேரா அந்த ஓவியங்களைப் பார்த்துப் பிரதி எடுத்தார். அந்தப் பிரதிகள் கொழும்புத் தேசிய நூதனசாலைக்கு வந்து சேர்ந்தன. நிறப் பெட்டியைத் திறக்குமுன் அவற்றைப் போய்ப் பார்ப்பது வீண்போகாது. அந்த நிலத்தின் நிறம் எந்த எல்லைக்குள் அடங்குகிறது என்பது அங்கே விளங்கும்.

தூரிகைகளில் 12ஆம் இலக்க வட்டத் தூரிகை ஒன்று, 6ஆம் இலக்கம் ஒன்று, ஓர் அங்குலத் தட்டைத் தூரிகை ஒன்று. இவற்றோடு, மயிர் தேய்ந்து விரிந்துபோய் எறியவிருந்த பழைய தூரிகை ஒன்றையும் எடுத்து வையுங்கள். பாறைக்கு அதுதான் சிறந்த கருவி. நிறம் குழைக்க ஒரு வெள்ளைப் பீங்கான் கோப்பை, தண்ணீருக்கு இரண்டு போத்தல், துடைக்க ஒரு பழைய பருத்திச் சீலை.

பென்சில் கோடு

அடிவானத்தைத் தாளின் கீழிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் வையுங்கள். குன்றைத் தாளின் நடுவில் நிறுத்தாமல் சற்று வலப்பக்கம் தள்ளிவிடுங்கள். பக்கங்கள் இரண்டும் ஏறத்தாழச் செங்குத்து. சில இடங்களில் மேற்பகுதி வெளியே தள்ளி நிற்கிறது. உச்சி தட்டையாகத் தெரிந்தாலும் ஒரே மட்டமல்ல, படிபடியாக இறங்குகிறது. பழக்கமில்லாத கை இந்த மூன்றையும் மழுப்பி, குன்றைக் கவிழ்த்த சட்டி போல உருட்டிவிடும். கையை நீட்டிப் பென்சிலால் அகலத்தையும் உயரத்தையும் ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே கோடு போடுங்கள்.

அளவில் எல்லோரும் வழுக்கும் இடம் ஒன்று உண்டு. பாறை சுற்றுச் சமவெளியிலிருந்து ஏறத்தாழ 180 மீற்றர் எழுகிறது. உலர் வலயக் காட்டின் மரங்கள் பொதுவாக 20 மீற்றரைத் தாண்டுவதில்லை. அப்படியானால் தாளில் பாறை 10 சென்ரிமீற்றர் உயரம் என்றால், அதன் அடியில் நிற்கும் மரம் ஒரு சென்ரிமீற்றருக்கு மேல் இருக்கக் கூடாது. மரத்தை இரண்டு சென்ரிமீற்றராக்கிய கணத்தில் குன்று பாதியாகச் சுருங்கிவிடும். நான்காக்கினால் அது ஒரு வீட்டு முற்றத்துக் கல்.

படிக்கட்டுகள், இரும்பு ஏணிகள், சிங்கத்தின் பாதங்கள் எதையும் பென்சிலால் குறிக்காதீர்கள். அந்தப் பாதங்களின் நடுவே உச்சிக்கு ஏறும் சிங்க வாசல் வடக்குப் பக்கத்தில் இருப்பதால் பிதுரங்கலவிலிருந்து அது கண்ணுக்குப் படும்தான். ஆனால் அந்தத் தொலைவில் அது நெருப்புக்குச்சித் தலையளவு செம்பழுப்பு மட்டுமே. கோடுகளை அழிறப்பரால் அழுத்தித் தேய்க்க வேண்டாம். தேய்த்த இடத்தில் தாளின் தோல் கிளம்பி, நிறம் அழுக்காகப் பிடிக்கும்.

வானமும் தொலைவும்

இங்கேதான் பாலையைக் கீழே வைக்கும் வேலை நடக்கிறது. பலகையின் மேல் விளிம்பை ஒரு தடித்த புத்தகத்தின் மேல் உயர்த்தி வையுங்கள். மூன்று நிறங்களை முன்கூட்டியே நிறையக் கரைத்துக்கொள்ளுங்கள்: செருலியன் நீலம் மெல்லியதாக, குவினக்ரிடோன் ரோஸ் மிக மிக மெல்லியதாக, ரோ சியன்னா தேநீர்க் கஷாய நிறத்தில். தாள் முழுவதையும் தட்டைத் தூரிகையால் நனைத்து, மினுக்கம் சற்றுக் குறைந்ததும் மேலிருந்து நீலத்தைப் படுக்கையாக இழுத்து வாருங்கள். மூன்றில் ஒரு பங்கு இறங்கியதும் நீலத்தை நிறுத்தி, நீரில் தோய்ந்த ரோஸை இரண்டு இழுப்பு. அதற்குக் கீழே தாளின் அடிவரை, பாறையின் மேலும் காட்டின் மேலும் கூசாமல், ரோ சியன்னா. நடுவில் ரோஸ் இல்லாமல் நீலத்தையும் மஞ்சளையும் நேரடியாகச் சந்திக்க விட்டால் வானத்தில் பாசிப்பச்சை படரும்; ரோஸ் அந்தச் சந்திப்பைத் தடுத்து, வெயிற்காலத்துத் தூசி வானத்தின் வெளிறிய சிவப்பையும் தந்துவிடுகிறது.

இப்போது தாள் முழுவதும் ஒரு சூடான மஞ்சள் அடித்தளம் இருக்கிறது. இனி எந்தப் பச்சையைப் போட்டாலும் அதன் கீழிருந்து வறண்ட நிலம் எட்டிப் பார்க்கும்.

அடுத்தது காத்திருத்தல். சீகிரியாவில் இதே பூச்சு சில நிமிடங்களில் காய்ந்து, கையை அவசரப்படுத்தும். கொழும்பில் ஆனி மாத மழைநாளில் என் அறையில் அரை மணிநேரம் கழிந்தும் காய்வதில்லை. விரலால் தொட்டுப் பார்க்க வேண்டாம், விரலின் எண்ணெய் ஒட்டிக்கொள்ளும். புறங்கையைத் தாளின் மேல் இலேசாக வையுங்கள். குளிர்ந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது. தலைமயிர் உலர்த்தியைப் பயன்படுத்துவதானால் மேற்பரப்பின் மினுக்கம் முற்றாகப் போன பின்னரே, ஓர் அடி தள்ளிப் பிடித்துப் பயன்படுத்துங்கள். முன்னரே பிடித்தால் காற்று நீரைத் தள்ளிக் கோடு கோடாக நிறுத்திவிடும். நான் மின்விசிறியைப் போட்டுவிட்டு வேறு வேலை பார்க்கப் போய்விடுவேன்.

காய்ந்த பின் மலைத்தொடர். செருலியனோடு ரோஸும் லைட் ரெட்டின் ஒரு துளியும் சேர்த்து, வானத்தைவிட ஒரே ஒரு படி கடுமையான சாம்பல் ஊதாவில், ஒரே இழுப்பில் தொடரின் மேல் விளிம்பைப் போடுங்கள். உடனே சுத்தமான நீர்த் தூரிகையால் கீழ் விளிம்பைக் கரைத்துவிடுங்கள். மேலே கூர்மை, கீழே புகை. இதற்கு மேல் அங்கே ஒன்றும் செய்ய வேண்டியதில்லை.

பாறை

படத்தின் உயிர் இங்கே இருப்பதால் இந்தப் பகுதியை ஒரே அமர்வில் செய்ய நேரம் ஒதுக்குங்கள். மூன்று பூச்சுகள், மூன்றுக்கும் ஈரத்தின் அளவு வேறு.

முதற்பூச்சு உலர்ந்த தாளில் ஈரத் தூரிகை. காலை வெயில் இடப்பக்கத்திலிருந்து வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 12ஆம் இலக்கத் தூரிகையில் ரோ சியன்னாவும் சிறிது லைட் ரெட்டும் எடுத்து, வெயில் படும் இட முகத்திலிருந்து தொடங்குங்கள். இடது விளிம்பிலும் உச்சியின் ஓரத்திலும் இடையிடையே அடித்தளத்தை ஒரு நூலளவு வெறுமையாக விட்டுவிடுங்கள். வெயில் தெறிப்பது அந்த நூலில்தான். வலப்பக்கம் நகர நகர, ஈரம் காய்வதற்குள் பேர்ண்ட் சியன்னாவையும், பின்னர் அல்ட்ராமரீனையும் சேர்த்துக்கொண்டே போங்கள். பேர்ண்ட் சியன்னாவும் அல்ட்ராமரீனும் கோப்பையில் முழுதாகக் கலந்தால் வெறும் சாம்பல். தாளின் மேலேயே சந்தித்தால் அல்ட்ராமரீனின் துகள்கள் தாளின் குழிகளில் தங்கி, பழுப்பு மேலே மிதந்து, கருங்கல்லின் பொரிபொரியான தோல் தானாக உண்டாகும். இதைத் தூரிகையால் செய்ய முடியாது. நீரையும் தாளையும் செய்ய விட வேண்டும். வெளி விளிம்புகள் கூர்மையாக இருக்கட்டும். வறண்ட காற்றில் பாறைக்கும் வானத்துக்கும் இடையே மூடுபனி இல்லை. நான் முன்னர் சொன்ன நுவரெலியா வந்தது இந்த விளிம்புகளைக் கரைத்ததால்தான்.

இரண்டாவது, கறுப்புத் தாரைகள். சீகிரியாவை எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் உச்சியிலிருந்து கீழ்நோக்கி நீளமான கருங்கோடுகள் வடிந்திருப்பதைக் காணலாம். மழைக்காலத்தில் உச்சியிலிருந்து நீர் வழிந்த தடங்களில் பாசியும் கற்பாசியும் படிந்து, வெயிலில் கருகிப் போனவை அவை. வறண்ட குன்றின் உடம்பில் மழை எழுதிவிட்டுப் போன கணக்கு என்று அவற்றைச் சொல்லலாம். இவற்றை உலர்ந்த பாறையின் மேல் வரைந்தால் வேலிக் கம்பிகள் போல நிற்கும். மிக ஈரத்தில் வரைந்தால் மை கொட்டியது போலப் பரவி முழுப் பாறையையும் விழுங்கும். இரண்டுக்கும் நடுவே ஒரு கணம் இருக்கிறது. கண்ணைத் தாளின் மட்டத்துக்குத் தாழ்த்தி, யன்னல் வெளிச்சத்துக்கு எதிராகச் சாய்வாகப் பாருங்கள். முதலில் பாறை கண்ணாடி போல மினுங்கும். பின்னர் அந்த மினுக்கம் பட்டுத் துணியின் மங்கலான பளபளப்பாக மாறும். அப்போது தொடங்க வேண்டும்.

6ஆம் இலக்கத் தூரிகையில் அல்ட்ராமரீனும் பேர்ண்ட் சியன்னாவும் தயிர்ப் பதத்தில் குழைத்து எடுத்து, தூரிகையின் அடியைச் சீலையில் ஒற்றி நீரை வாங்கிவிடுங்கள். தூரிகையில் இருக்கும் நீர் தாளில் இருக்கும் நீரைவிடக் குறைவாக இருக்க வேண்டும் என்பதே விதி. கூடினால் தாளின் நிறத்தைத் தள்ளிக்கொண்டு பூக்கோவா வடிவில் ஒரு கறை விரியும். உச்சி விளிம்பில் தூரிகையை அழுத்தி வைத்து, கீழே இழுத்துக்கொண்டே வந்து, பாறையின் நடுப்பகுதிக்கு வருமுன் மெல்லத் தூக்கிவிடுங்கள். கோடு மேலே அகன்று, கீழே மெலிந்து, ஓரங்களில் சற்றே மென்மையாகி நிற்கும். பாறை வெளியே தள்ளும் இடத்தில் கோடு முறிந்து, அதற்குக் கீழே சற்றுத் தள்ளி மீண்டும் தொடங்கட்டும். நீர் அங்கே பாறையை விட்டுச் சொட்டியிருக்கும். ஐந்தாறு தாரைகள் போதும். ஒன்றுக்கொன்று சம இடைவெளி கூடாது. இரண்டு நெருங்கியும் ஒன்று தனித்தும் இருக்கட்டும். ஒரு முறை இந்தக் கட்டத்தில் தேநீர் ஊற்றப் போய்த் திரும்பி வந்தேன், பாறை காய்ந்துவிட்டிருந்தது. பரவாயில்லை என்று நனைத்துத் தொடங்கியதில் முதற்பூச்சும் கிளம்பி, பாறை சேறாகிவிட்டது. காய்ந்துபோனால், முழுதாகக் காய்ந்த பின் தாரைகளைப் போட்டு ஓரங்களை நீர்த் தூரிகையால் மென்மையாக்குவதே வழி. பாறையை மீண்டும் நனைக்காதீர்கள்.

மூன்றாவது பூச்சுக்குப் பாறை எலும்பு போல உலர்ந்திருக்க வேண்டும். முதலில் நிழல்: அல்ட்ராமரீனில் ரோஸும் சிறிது பேர்ண்ட் சியன்னாவும் சேர்த்த ஒளிபுகும் ஊதாவை, வலப்பக்க முகம் முழுவதன் மேலும், வெளித்தள்ளிய பாறைகளின் அடியிலும் ஒரே வடிவமாகப் போர்த்துங்கள். ஒரே இழுப்பு, திரும்பிப் போகாதீர்கள். நிழலின் அடிப்பகுதி காடு இருக்கும் பக்கம் சற்றுச் சூடாகட்டும். செம்மண்ணில் பட்ட வெயில் அங்கே தெறிக்கிறது. அது காய்ந்த பின் தேய்ந்த தூரிகையை எடுத்து, கெட்டியான நிறத்தைத் தொட்டு, சீலையில் நன்றாக ஒற்றி, ஏறத்தாழப் படுக்கையாகப் பிடித்து வெயில் படும் முகத்தின் மேல் உரசுங்கள். நிறம் தாளின் மேடுகளில் மட்டும் பிடித்து, குழிகளில் அடித்தளம் தெரியும். சொரசொரப்பான தாள் கேட்டது இதற்காகவே. பாறையின் பிளவுகள் சாய்ந்து ஓடும் போக்கிலேயே உரசுங்கள்; நாலாபக்கமும் உரசினால் துடைப்பத்தால் பெருக்கிய முற்றம்தான் கிடைக்கும்.

கடைசியாக, 6ஆம் இலக்கத் தூரிகையின் நுனியால் உச்சி விளிம்பில் இரண்டு மூன்று சிறு கீற்று லைட் ரெட். அவை உச்சியிலிருக்கும் செங்கற் கட்டட அடித்தளங்கள். மேற்கு முகத்தை வரைபவர் கண்ணாடிச் சுவருக்கும் இவ்வாறு ஒரு நீண்ட கீற்றைக் கொடுக்கலாம். 477 முதல் 495 வரை ஆண்ட காசியப்பனின் தலைநகர் இந்தத் தொலைவில் இவ்வளவுதான் தெரியும். வரலாற்றுச் சின்னம் என்பதால் அதைப் பெரிதாக்கிக் காட்ட வேண்டும் என்ற ஆசை வரும், அடக்கிக்கொள்ளுங்கள். செங்கல் சிறுத்தால்தான் பாறை பெருக்கும்.

காடு

பச்சையைக் கோப்பையிலேயே செய்துகொள்ள வேண்டும். ரோ சியன்னாவில் அல்ட்ராமரீன் சேர்த்தால் மங்கிய ஒலிவ் பச்சை வரும்; அதில் பேர்ண்ட் சியன்னா ஒரு துளி சேர்த்தால் ஆடி மாதத்து இலையின் நிறம். வீரை மரமும் பாலை மரமும் அந்த வெயிலிலும் இலை உதிர்க்காதவை; ஆனால் அவற்றின் பச்சை தூசி படிந்த, கறுத்த பச்சை. பாலைப்பழம் தின்றவர்களுக்கு அந்த மரத்தின் நிழல் எவ்வளவு கடுமையானது என்று தெரிந்திருக்கும். இலை உதிர்க்கும் மரங்கள் சாம்பல் ஊதாக் கிளைகளாக அவற்றின் நடுவே நிற்கும்.

இலையை வரையாதீர்கள், மரத்தையும் வரையாதீர்கள். காட்டின் மேற்கூரையை வரையுங்கள். பாறையின் அடியில் தொடங்கி நம்மை நோக்கி வர வர, திட்டுகள் பெரிதாகவும் சூடாகவும் கடுமையாகவும் மாறட்டும். பாறையும் காடும் சந்திக்கும் கோட்டில் மட்டும், பாறை காய்ந்திருக்க, தூரிகையின் நுனியால் சிறு சிறு மேடுகளாகத் தொட்டு வாருங்கள். அந்த ஒரு சென்ரிமீற்றர்க் கணக்கை மறக்க வேண்டாம். இடையிடையே மஞ்சள் அடித்தளத்தை வெறுமையாக விட்டால் அவை வெட்டவெளிகளாகத் தோன்றும்.

பூச்சு அரை ஈரமாக இருக்கும்போது பழைய வங்கி அட்டையின் மூலையால் சுரண்டினால் நிறம் ஒதுங்கி, வெளிறிய கிளைகளும் அடிமரங்களும் கிடைக்கும். மிக ஈரத்தில் சுரண்டினால் நிறம் கீறலுக்குள் ஓடிக் கருங்கோடாகிவிடும். நன்றாகக் காய்ந்த பின் கத்தி நுனியால் தாளையே சுரண்டி வெளிச்சம் எடுக்கும் பழைய முறையும் உண்டு. 1840களின் பிற்பகுதியில் கொழும்பு அக்கடமி என்ற பாடசாலையில் நிலக்காட்சி ஓவியம் கற்பித்து, 1848இல் அநுராதபுரப் பக்கத்துக் காடுகளின் வழியே வரைந்துகொண்டு பயணம் செய்த அயர்லாந்துக்காரர் அன்ட்ரூ நிக்கல் இந்தச் சுரண்டலில் கைதேர்ந்தவர். நான் அதைப் படத்துக்கு இரண்டு மூன்று இடங்களுக்கு மேல் செய்வதில்லை.

முன்நிலம்

இதில் அதிக நேரம் செலவிட வேண்டாம். பிதுரங்கலவின் பாறை விளிம்பு கீழ் மூலையில் ஒரு கடும் சாய்வாகத் தெரிந்தால் போதும். அதன் வெடிப்பில் நாலைந்து காய்ந்த புல் இழைகள். உரசல் தூரிகையில் ரோ சியன்னா, அதன் மேல் சிறிது லைட் ரெட். ஆள் ஒருவரை வரைந்தே ஆக வேண்டும் என்றால், குன்றை நோக்கி முதுகு காட்டி உட்கார்ந்திருப்பவராக, முன்பாறையின் மேல் சிறிதாக வையுங்கள்.

கழற்றி வைத்தல்

படம் முடிந்த அன்றே டேப்பை உரிக்காதீர்கள். கொழும்பின் காற்றில் தாளின் உட்பகுதி ஓரிரவு கழித்தே முழுதாகக் காயும். முன்னரே உரித்தால் விளிம்போடு தாளின் தோலும் வரும். மறுநாள் காலை, டேப்பைத் தாளுக்கு வெளிப்புறமாக, தாழ்ந்த கோணத்தில் மெல்ல இழுங்கள். நெளிந்திருந்தால் பின்புறத்தை இலேசாக ஈரமாக்கி, இரண்டு மையொற்றும் தாள்களுக்கு நடுவே வைத்து, பாரமான புத்தகங்களின் கீழ் இரண்டு நாள் அழுத்துங்கள்.

சட்டம் போடும்போது கண்ணாடி தாளைத் தொடக் கூடாது. இடையே தடித்த அட்டைச் சட்டம் ஒன்று வைத்து இடைவெளி விடச் சொல்லுங்கள். தொட்டால் கண்ணாடியின் உட்புறத்தில் வேர்க்கும் நீர் தாளில் இறங்கி, ஒரே மழைக்காலத்தில் வானமெங்கும் பூஞ்சணப் புள்ளிகள் வந்துவிடும். கடல் பக்கத்துச் சுவரில் மாட்ட வேண்டாம். வீட்டின் உட்சுவரில், சட்டத்தின் கீழ் மூலைகள் இரண்டிலும் தக்கைத் துண்டு ஒட்டி, பின்னால் காற்றோட்டம் இருக்கும்படி மாட்டுங்கள். மாரி முடிந்ததும் ஒரு முறை கழற்றிப் பின்பக்கத்தைத் துடைத்துப் பாருங்கள்.